ரோமியோ ஜூலியட்டுக்கு முதலில் ஒரு காலண்டர் வாங்குங்கள்

வடசென்னையில் ரோமியோ ஜூலியட்டைத் தமிழில் போட நினைக்கிறவர்கள் முதலில் மாடிக்குத்தான் அலைவார்கள். மாடி கிடக்கட்டும். முதலில் ஜூலியட் வீட்டுச் சுவரில் ஒரு தினசரி காலண்டர் மாட்டுங்கள். கடையில் கிடைப்பது பத்தாவது வரிசைக்குத் தெரியாது. சார்ட் பேப்பரில் ஒன்றரை அடி உயரத்துக்கு ஐந்து தாள் செய்து, கிழமையை மட்டும் பெரிதாக எழுதினால் போதும்.

ஏன் காலண்டர்? ஆர்தர் புரூக் 1562இல் வெளியிட்ட நெடும்பாட்டில் இந்தக் கதை மாதக்கணக்கில் நடக்கும். ஷேக்ஸ்பியர் அதை ஐந்தே நாளில் அடைத்துவிட்டார். ஞாயிறு ராத்திரி விருந்தில் பார்க்கிறார்கள். திங்கள் பிற்பகல் கல்யாணம், அது முடிந்த சூட்டிலேயே கொலை. செவ்வாய் விடியலில் பிரிவு, அன்று ராத்திரி, செத்ததுபோல் கிடக்கவைக்கும் மருந்தை ஜூலியட் குடிக்கிறாள். புதன் அடக்கம். வியாழன் விடியும்போது இரண்டு பேருமே இல்லை. அவர்களைக் கொல்வதில் பகைக்குப் பாதிப் பங்கு என்றால், அவசரத்துக்கு மீதிப் பாதி. பாரிஸ் என்கிற மாப்பிள்ளையோடு வியாழக்கிழமை என்று முடிவான ஜூலியட்டின் கல்யாணத்தை, மகள் தலையாட்டிவிட்ட சந்தோஷத்தில் புதனுக்கு இழுக்கிறார் அப்பா. அந்த ஒரு நாள் நகராமல் இருந்திருந்தால், அவள் சாகவில்லை என்று ஊரைவிட்டு விரட்டப்பட்ட ரோமியோவுக்குப் பாதிரியார் அனுப்பிய கடிதத்துக்கு இன்னொரு வழி கிடைத்திருக்கும். அந்த இடத்தில் அவரே காலண்டர் தாளைத் தூக்கிப் பார்க்கட்டும். வசனமே வேண்டாம்.

காலண்டரில் மணி மட்டும் எழுதாதீர்கள். மருந்து 42 மணி நேரம் வேலை செய்யும் என்கிறார் பாதிரியார். செவ்வாய் ராத்திரி குடித்தால் வியாழன் மாலைதான் எழ வேண்டும். ஜூலியட்டோ விடியுமுன்பே எழுந்துவிடுகிறாள். கணக்கு இடிக்கும். நாடகம் ஓடுகிற வேகத்தில் யாரும் கவனிக்க மாட்டார்கள், நாமே காட்டிக்கொடுத்தால் ஒழிய.

நேரம் போதவில்லை என்று முதலில் வெட்டப்படுவது ஐந்தாம் அங்கத்தின் இரண்டாம் காட்சி. முப்பது வரி அளவுதான் இருக்கும். கடிதம் கொண்டுபோன பாதிரியார் ஜான், கொள்ளைநோய் இருந்த வீட்டில் இருந்ததாகச் சந்தேகப்பட்டு வாசலை அடைத்துவிட்டார்கள், அதனால் போக முடியவில்லை என்கிறார். இதை வெட்டினால் முடிவு வெறும் துரதிர்ஷ்டமாகிவிடும். 2020இல் கொரோனா வந்த வீட்டு வாசலில் தகரம் அடித்ததைப் பார்த்த ஊர் இது. ஒரு தகர ஷீட்டைச் சாத்தி வைத்து, அதன் பின்னாலிருந்து ஜானைப் பேசவிடுங்கள். விளக்கமே தேவைப்படாது.

அடுத்தது பகை. தமிழில் போடும்போது அதைச் சாதிப் பகையாக்கிவிடுவது வழக்கம். நோக்கம் நல்லதுதான், ஆனால் நாடகம் உடைந்துவிடும். இரண்டு குடும்பமும் தகுதியில் சமம் என்று முதல் வரியே சொல்கிறது. சாதியில் ஒருவர் மேலே, ஒருவர் கீழே. அது பகையல்ல, ஒடுக்குமுறை. அதற்கு வேறு நாடகம் எழுத வேண்டும். இங்கே காசிமேட்டில் இரண்டு விசைப்படகு முதலாளிகள் போதும். என்ன தகராறு என்று கடைசி வரை சொல்லாதீர்கள், ஷேக்ஸ்பியரும் சொல்லவில்லை. ஜூலியட் அப்பாவை 'நைனா' என்று கூப்பிடட்டும். தாதி நம்மூர் ஆயாவேதான், ஒரு வார்த்தை மாற்ற வேண்டாம்.

ரோமியோவின் நண்பன் மெர்க்யூஷியோ சாகிற சண்டைதான் அதிகம் சொதப்பும். விலக்கப்போன ரோமியோவின் கைக்கு அடியில் கத்தி நுழைகிறது. ரோமியோ முதுகைப் பார்வையாளருக்குக் காட்டி, கைகளை விரித்து நிற்க வேண்டும். கத்தி அவன் விலாவுக்கும் கைக்கும் நடுவே போய், மெர்க்யூஷியோவுக்கு ஒரு சாண் முன்னாலேயே நிற்க வேண்டும். மரக்கத்தியில் வெள்ளித்தாள் ஒட்டினால் போதும், மழுங்கிய இரும்புகூட வேண்டாம். குத்து விழுந்ததும் 'ஆ' என்று அலறி ரத்தப்பையை உடைக்கிறான் பாருங்கள் நடிகன், அங்கேதான் காட்சி சாகிறது. நண்பர்கள் அவன் விளையாடுகிறான் என்று நம்ப வேண்டும். கை காயத்தை மூடியே இருக்கட்டும். 'நாளைக்கு என்னைத் தேடிப் பார்' என்கிற சிலேடைக்குத் தமிழில் அழகான சொல் காத்திருக்கிறது: "நாளைக்கு வந்து பாரு மச்சி, ரொம்ப அடக்கமா இருப்பேன்." சிரிப்பு அடங்கியதும் கையை எடுக்கட்டும். ரத்தத்துக்கு ஆறிய சர்க்கரைப் பாகு, சிவப்பு உணவு நிறம், கருப்பு ஏற நாலு சொட்டு காபி டிகாஷன். ஐம்பது மில்லி தாராளம். முன்கூட்டியே கட்டி வைத்தால் எறும்பு மொய்க்கும்.

விடியல் காட்சியில், கேட்டது காலையில் பாடும் வானம்பாடி என்று ரோமியோவும், ராத்திரியில் பாடும் நைட்டிங்கேல் என்று ஜூலியட்டும் வாதாடுவார்கள். நைட்டிங்கேலைக் குயில் என்று மொழிபெயர்த்தால் போச்சு. சென்னைக் குயில் விடிவதற்கு முன்பே கத்த ஆரம்பித்துவிடும், அவள் வாதம் நிற்காது. பறவையை விட்டுவிட்டுச் சேவலுக்குப் போங்கள். சேவல் கூவியதும் விடியல் காதலரைப் பிரிக்கும் வாளாக வருகிறது என்று குறுந்தொகை 157 எப்போதோ சொல்லிவிட்டது. கூவியது சேவல் என்று அவன் சொல்ல, யாரோ கூடையைத் தட்டினார்கள் என்று அவள் மறுக்கட்டும்.

மாடிக்கு ஆறடி மேடை போதும். கைப்பிடிச் சுவர் ரொம்ப உயர்ந்துவிட்டால் முன்வரிசைக்கு ஜூலியட்டின் முகம் சரியாகத் தெரியாது. ரோமியோ எட்டடி தள்ளி நிற்கட்டும்.

எல்லோரும் வெட்டுகிற இன்னொரு காட்சியை மட்டும் தொடாதீர்கள். கல்யாணத்துக்கு வாசிக்க வந்தவர்கள் சாவு வீட்டில் நின்றுகொண்டு, இருந்து சாப்பிட்டுவிட்டே போகலாமா என்று பேசுவார்கள். கல்யாணத்துக்கும் சாவுக்கும் அடிக்கிறவர்கள் இங்கே தெருவுக்குத் தெரிந்தவர்கள். மரண கானாவுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் நாடகத்தில் இல்லை. ஆனால் இரண்டு நிமிடம்தான். பாடகர் குஷியாகி நீட்டினால், படுத்திருக்கிறவள் உயிரோடிருக்கிறாள் என்பதையே சனம் மறந்துவிடும்.

அவளைக் கிடத்துவதிலும் கவனம் வேண்டும். கால் பார்வையாளர் பக்கம். மூச்சில் நெஞ்சு ஏறி இறங்குவது தெரியாதபடி கனமான மாலையைக் குறுக்கே போடுங்கள், மூக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி. தும்மல் வந்தால் ஒன்றும் செய்ய முடியாது. நம்மூர் சாவு வீடு மாதிரியே இருக்கட்டும் என்று யாராவது ஃப்ரீசர் பெட்டியை வாடகைக்கு எடுக்கச் சொல்வார்கள். கேட்காதீர்கள். மூடிய பெட்டிக்குள் ஆளைப் படுக்கவைப்பது ஆபத்து, அதோடு அவள் விடுகிற மூச்சில் கண்ணாடியும் மங்கிவிடும்.