பெட்ஸ் பொட் ஸ்னியெஷ்கோ: காற்றைக் கேட்டுவிட்டு மலை ஏறுங்கள்

செக் மொழியில் 'பெட்ஸ்' என்றால் உலை. இந்த மலையில் தாது வெட்டி உருக்கிய காலத்தில் ஒட்டிக்கொண்ட பெயர். பெட்ஸ் பொட் ஸ்னியெஷ்கோ என்றால் ஸ்னியெஷ்கா மலைக்குக் கீழே இருக்கும் உலை. ஜூலை மாதத்தில்கூட ஸ்வெட்டர் இல்லாமல் சாயங்காலம் வெளியே நிற்க முடியாத உலை!

ஆயிரம் பேர்கூட நிரந்தரமாகக் குடியிருக்காத ஊர் இது. செக் குடியரசின் வடக்கு ஓரத்தில், போலந்து எல்லையை ஒட்டி நீளும் க்ர்கொனோஷே மலைத்தொடரில் இருக்கிறது. நாட்டின் மிக உயரமான சிகரமான 1603 மீட்டர் ஸ்னியெஷ்கா ஊருக்கு நேர் மேலே. குழந்தைகளோடு வருகிறவர்கள் பெரும்பாலும் செய்யும் தவறு, தலைநகர் பிராகாவிலிருந்து காலையில் கிளம்பி, ரோப் காரில் உச்சிக்குப் போய், இரவே திரும்பிவிடலாம் என்று கணக்குப் போடுவது. அந்தக் கணக்கைக் கெடுப்பது மழையல்ல, காற்று. குறைந்தது இரண்டு இரவு தங்குங்கள். மூன்று நாளில் எந்த நாள் காற்று அடங்குகிறதோ அந்த நாள் உச்சிக்கு. மற்ற நாட்களுக்கு ஊரிலும் பக்கத்திலும் வேலை இருக்கிறது.

ரோப் கார் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 1949-இல் தொடங்கிய பழைய நாற்காலி ரோப் கார் 2012-இல் நின்றது. இப்போது ஓடுவது, 2014-இல் முறையாகத் திறந்த, நான்கு பேர் உட்காரும் மூடிய பெட்டிகள். பாதை இரண்டு பகுதி: ஊரிலிருந்து ரூஷொவா ஹொரா வரை ஒன்று, அங்கிருந்து உச்சிக்கு இன்னொன்று. கீழ்ப்பகுதி காட்டுக்குள்ளே போவதால் காற்று அவ்வளவாகப் படாது. மேல்பகுதி திறந்த முகடு. ஊரில் இலை அசையாத நாளிலும் மேலே காற்று பலமாக அடித்து அந்தப் பகுதியை நிறுத்திவிடுவார்கள். அன்று ரூஷொவா ஹொராவில் இறங்கி, மஞ்சள் குறிப் பாதையில் ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் நடந்துதான் உச்சி. நிறுத்துகிற அளவுக்கு வீசும் காற்றில் சின்னக் குழந்தையை அந்த முகட்டில் நடத்திக் கூட்டிப்போவது புத்திசாலித்தனம் இல்லை. டிக்கெட் வாங்கும் முன் "மேல்பகுதி ஓடுகிறதா" என்று கவுண்டரில் கேளுங்கள். கிளம்பும் முன்பே ரோப் கார் இணையதளத்தின் நேரலைக் காமிராவையும் பார்த்துவிடலாம்.

இன்னொன்று, கூட்டம். தேசியப் பூங்காவின் உச்சியில் மிதிபடுவதைக் குறைக்க, ஒரு மணி நேரத்துக்கு 250 பேர்தான் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். உங்களுக்கு முன்னால் 500 பேர் நின்றால் இரண்டு மணி நேரம். இதில் பேரம் பேச ஒன்றுமில்லை. கோடை விடுமுறையில் பத்து மணிக்கு வந்து நிற்பவர்கள்தான் இதில் மாட்டுவார்கள். முதல் பெட்டி கிளம்புவதற்கு அரை மணி முன்னால் போங்கள், அல்லது இணையத்தில் முன்பதிவு செய்துகொள்ளுங்கள். இறங்குவதற்கும் இதே வரிசை உண்டு. நடுவில் காற்று கிளம்பினால் கையில் திரும்பும் டிக்கெட் இருந்தும் நடந்துதான் இறங்க வேண்டும். ரோப் காரில் போகிற குழந்தைக்கும் செருப்பு வேண்டாம், ஷூ போட்டே அழைத்துப் போங்கள் என்பது அதற்காகத்தான்.

நடந்து ஏற விரும்பினால் ஓப்ரீ தூல் வழி. 'பூதங்களின் பள்ளத்தாக்கு' என்று வைத்துக்கொள்ளலாம். பனியாறு குடைந்தெடுத்த ஆழமான பள்ளம், இரண்டு பக்கமும் செங்குத்து. நீலக் குறியைப் பிடித்து ஊபா ஆற்றோரம் நடந்தால் முதல் பாதி தள்ளுவண்டிகூடப் போகிற பாதை. வழியில் ஒரு சின்னத் தேவாலயம் வரும். 1897 ஜூலையில் கொட்டிய பெருமழையில் மலைச்சரிவு பிய்ந்துவந்து இங்கிருந்த வீடுகளை அடித்துக்கொண்டு போனது. மாண்டவர்களின் நினைவுக்காக நிற்கிறது அது. தள்ளுவண்டியோடு வந்தவர்கள் இங்கே திரும்பிவிடலாம். இதற்கு மேல் கல்லும் படியும்தான். பக்கத்திலேயே கொவார்னா என்ற பழைய சுரங்கம் உண்டு. கோடையில் ஹெல்மெட் மாட்டி உள்ளே கூட்டிப் போகிறார்கள். முன்பதிவும் வயது வரம்பும் இருப்பதால் ஊரில் விசாரித்துவிட்டு வாருங்கள்.

பள்ளத்தாக்கின் சுவர் ஏறி முடிந்தால் 1400 மீட்டரில் ஸ்லெஸ்கி தூம் என்ற பெரிய மர விடுதி. அது போலந்து மண். செக் கொருனா செல்லும் என்று நம்பிப் போகாதீர்கள், அட்டை வைத்திருங்கள். ஷெங்கன் எல்லைதான், காவலர் யாரும் நிற்க மாட்டார்கள். இருந்தாலும் பாஸ்போர்ட் பையில் இருக்கட்டும். அங்கிருந்து உச்சிக்கு இரண்டு வழி. சிவப்புக் குறி வளைந்து வளைந்து செங்குத்தாக ஏறும்: கற்படிகள், ஓரத்தில் சங்கிலி. நீலக் குறி வடக்குப் பக்கமாகச் சுற்றிப் போகும் அகலமான சாய்வுப் பாதை. ஏறும்போது சிவப்பு, இறங்கும்போது நீலம் என்று வைத்தால் முழங்கால் பிழைக்கும். ஊரிலிருந்து உச்சி வரை சுமார் 7 கிலோமீட்டர், உயர வித்தியாசம் 830 மீட்டர். எட்டு வயதுக் குழந்தையோடு நாலு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் பனிச்சரிவு அபாயத்தால் இந்தப் பள்ளத்தாக்கின் மேல்பகுதியை மூடிவிடுவார்கள். 'மூடியிருக்கிறது' என்ற பலகையைத் தாண்டிப் போன தடம் பனியில் தெரிந்தாலும் அதைப் பின்பற்றாதீர்கள்.

பாதைக் குறிகளைப் படிக்கக் குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுத்தால் பாதி சலிப்பு போய்விடும். மரத்திலோ பாறையிலோ உள்ளங்கை அகலத்தில் ஒரு சதுரம், அதில் மூன்று பட்டைகள். மேலும் கீழும் வெள்ளை, நடுவில் பாதையின் நிறம். 1888-இல் தொடங்கிய செக் சுற்றுலாக் கழகத்தின் தன்னார்வலர்கள் வரைந்து பராமரிக்கும் குறிகள் இவை. அடுத்த குறியை முதலில் கண்டுபிடிப்பவருக்கு ஒரு முந்திரி என்று பந்தயம் வைக்கலாம். வழிகாட்டிப் பலகையில் ஒரு வேடிக்கை: செக் பலகை தூரத்தைக் கிலோமீட்டரில் சொல்லும், போலந்துப் பலகை நடக்க ஆகும் நேரத்தைச் சொல்லும். முகட்டில் இரண்டும் கண்ணில் படுவதால், '1.5' என்று கண்டதை ஒன்றரை மணி நேரமாக எடுத்துக்கொண்டு குழம்புவார்கள். முகடுகளில் நட்ட உயரமான கம்பங்களின் மேல் சிவப்புத் தகட்டில் வெட்டிய விசித்திர உருவங்களும் தென்படும். எழுத்தே கிடையாது. க. வி. முட்டிக் என்ற ஓவியர் உருவாக்கிய 'ஊமைக் குறிகள்' அவை. ஒவ்வொரு விடுதிக்கும் ஒரு வடிவம். எழுதிய பலகையைப் பனி அப்பி மறைத்துவிடும். வெட்டிய உருவம் மூடுபனியிலும் நிழலாகத் தெரியும்.

உச்சியில் மூன்று கட்டடங்கள். 1681-இல் கட்டி முடித்த வட்டவடிவப் புனித லாரன்ஸ் தேவாலயம். பறக்கும் தட்டுகளை அடுக்கியதுபோல 1974-இல் போலந்துக்காரர்கள் எழுப்பிய வானிலை நிலையம். செக் பக்கத்தில் மரமும் கண்ணாடியுமாக ஒரு தபால் நிலையம். அங்கே அட்டை வாங்கி, உச்சி முத்திரை குத்தி, தாத்தா பாட்டிக்கு அனுப்பலாம். வயிறு நிறையச் சாப்பிடும் இடம் என்று எண்ணி மட்டும் ஏறாதீர்கள். ஊரை விட இங்கே சாதாரணமாகவே ஐந்தாறு டிகிரி குறைவு. காற்றையும் சேர்த்தால் ஆகஸ்டிலும் விரல் மரத்துப்போகும். ஆளுக்கொரு குல்லா, மெல்லிய கையுறை, காற்று புகாத ஜாக்கெட், மாற்றிக்கொள்ள ஒரு ஜோடி காலுறை. பருத்தி பனியன் வேர்வையில் நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை அது குடித்துவிடும். கோடையில் இடி பெரும்பாலும் மதியத்துக்குப் பிறகுதான் வரும். ஒரு மணிக்கெல்லாம் முகட்டை விட்டு இறங்கியிருப்பது நல்லது. மலை மீட்புப் படைக்கு 1210, பொது அவசரத்துக்கு 112. ஃபோன் போலந்து டவரைப் பிடித்துக்கொண்டாலும் 112 கிடைக்கும். 1210 செக் எண் என்பதை மறக்க வேண்டாம்.

இவ்வளவு கட்டுப்பாடு எதற்கு என்று குழந்தை கேட்டால் தரையைக் காட்டுங்கள். முகட்டில் இருப்பது தூந்திரப் பகுதி, உயரமான மரம் வளராத குளிர்நிலம். பனியுகம் விலகியபோது வடக்கே போகாமல் இங்கேயே தங்கிவிட்ட செடிகள் ஊபா ஆறு பிறக்கும் சதுப்பில் இன்னமும் வளர்கின்றன. அதனால்தான் பலகை பாவிய நடைபாதையை விட்டு இறங்கக்கூடாது. தேசியப் பூங்கா 1963-இலிருந்து இருக்கிறது. ட்ரோன் பறக்கவிடும் ஆசையையும் ஊரிலேயே விட்டுவிடுங்கள்.

காற்று அடிக்கிற நாளில்? ஊரிலேயே தண்டவாளச் சறுக்கு வண்டியும் கயிற்றுப் பூங்காவும் உண்டு. சறுக்கு வண்டி மழையில் நின்றுவிடலாம். இதைவிட நல்ல யோசனை, பேருந்து பிடித்து யான்ஸ்கே லாஸ்ன்யே போவது. குழந்தைகளின் இளம்பிள்ளைவாதச் சிகிச்சைக்குப் பெயர்பெற்ற வெந்நீரூற்று ஊர் அது. அங்கே மர உச்சிகளின் ஊடே ஒன்றரை கிலோமீட்டர் நீளும் நடைபாதை 2017-இல் திறந்தது. தள்ளுவண்டி போகும், 45 மீட்டர் கோபுரத்திலிருந்து குழாய்ச் சறுக்கும் உண்டு. செர்னா ஹொரா மலைக்கு ஏறும் ரோப் காரும் அந்த ஊரில்தான். 1928-இல் செக்கோஸ்லோவாக்கியாவின் முதல் ரோப் காராகத் தொடங்கிய தடம். இப்போது ஓடுவது புதியது.

சாப்பாடு. சைவர்கள் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. ஆனால் 'பெஸ் மஸா', அதாவது இறைச்சி இல்லாமல் என்று மட்டும் சொன்னால் போதாது. ரசம் போலத் தெளிவாக வரும் பூண்டு சூப் பல இடங்களில் இறைச்சிச் சாற்றில் கொதித்தது, மேலே பன்றி இறைச்சித் துண்டும் மிதக்கலாம். 'ஷுன்கா' இல்லையா, 'விவர்' எதிலிருந்து என்று கேளுங்கள்: முதலாவது பதப்படுத்திய பன்றி இறைச்சி, இரண்டாவது சூப்புக்கான சாறு. முட்டை சாப்பிடுகிறவர்கள் இந்த மலைக்கே உரிய 'கிசெலோ'வைத் தவறவிடக்கூடாது. கம்பு மாதிரி இருண்ட ரை மாவைப் புளிக்கவைத்துக் கரைத்து, காய்ந்த காளான், உருளைக்கிழங்கு, சீரகம் போன்ற கேரவே விதை, வதக்கிய வெங்காயம், பொரித்த முட்டை சேர்த்த கெட்டிச் சூப். முதல் கரண்டியில் புளித்த மாவின் வாசம் மூக்கைப் பிடிக்கும்; பழைய கூழ் குடித்துப் பழகியவர்களுக்கு இரண்டாவது கரண்டியிலேயே வீடு வந்துவிடும். குழந்தைகளுக்கு உருளைக்கிழங்கு அடையான 'பிரம்போராக்', வறுத்த சீஸ், நாவல் நிறத்தில் நாக்கைக் கறையாக்கும் புளூபெர்ரிக் கொழுக்கட்டை. மலை விடுதிகளில் சமையலறை எட்டு மணிக்கே மூடிவிடும். ஊருக்குள்ளும் அதிக நேரம் நம்பாதீர்கள்.

தங்கும் இடத்தில் வாசலிலேயே செருப்பைக் கழற்றச் சொல்வார்கள், நம் வீட்டுப் பழக்கம்தான். உள்ளே போட ஒரு ஜோடி எடுத்துப் போங்கள். பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்று ஊர் வரி தனியாகக் கேட்பார்கள், ஏமாற்று இல்லை. பெரிய கடைகள் சில அரசு விடுமுறை நாட்களில் சட்டப்படி மூடியிருக்கும்: மே 8, செப்டம்பர் 28, அக்டோபர் 28 ஆகியவை அதில் சேரும். புல்லில் விளையாடிவிட்டு வந்தால் இரவே முழங்காலின் பின்பக்கம், இடுப்பு, காதோரம் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். இந்த நாட்டில் உண்ணி மூளைக்காய்ச்சலையும் கொண்டுவரும்.

காரில் வருகிறவர்கள் பிராகாவிலிருந்து டி11 நெடுஞ்சாலையில் யாரொமியெர்ஷ் வரை, பிறகு த்ருட்னோவ் வழி. நெடுஞ்சாலைக் கட்டணம் இணையத்தில் வண்டி எண்ணோடு கட்டுவது. ஜெர்மனியில் வாடகைக்கு எடுத்த காருக்கு நீங்களே கட்ட வேண்டியிருக்கும். 36 கிலோவுக்கும் 150 சென்டிமீட்டருக்கும் குறைந்த குழந்தைக்குத் தனி இருக்கை கட்டாயம். நவம்பர் முதல் மார்ச் வரை, சாலையில் பனி இருந்தாலோ வரக்கூடும் என்றாலோ, குளிர்கால டயர் வேண்டும். ஓட்டுநருக்கு ஒரு மடக்கு பீர்கூடக் கூடாது, வரம்பு பூஜ்யம். காரைக் கட்டண நிறுத்தத்தில் விட்டுவிடுங்கள். மேலே போகும் சாலைகளுக்கு அனுமதி தேவை.

பேருந்துதான் எளிது. பிராகாவின் செர்னி மோஸ்ட் நிலையத்திலிருந்து நேரடி வண்டி, சுமார் மூன்று மணி நேரம். ஆறிலிருந்து பதினெட்டு வயது வரை பாதிக் கட்டணம், வயதைக் காட்டப் பாஸ்போர்ட் வேண்டும். ஞாயிறு பிற்பகல் திரும்பும் வண்டியில் நின்றுகொண்டு போக நேராமல் இருக்க, வரும்போதே திரும்பும் இருக்கையையும் பதிந்துவிடுங்கள். அது நிரம்பிவிட்டால் உள்ளூர்ப் பேருந்தில் த்ருட்னோவ் போய், அங்கிருந்து ரயில்.