ஒரே பக்கம், ரெண்டு பிள்ளைகள்

"கெ... க... கா..." 'கொக்கு' என்ற சொல்லில் மாட்டிக்கொண்டான் பக்கத்து வீட்டுப் பையன்.

முன்னால் ஒற்றைக்கொம்பு, பின்னால் துணைக்கால், நடுவில் 'க'. கண்ணில் முதலில் படுவது கொம்பு. வாயில் முதலில் வரவேண்டியதோ 'க்'. நமக்கெல்லாம் பழகிவிட்டது, அவ்வளவுதான்.

அதே பக்கத்தை அவன் அக்கா கடகடவென்று வாசித்தாள். பிசிறே இல்லை.

"கொக்கு ஏன் அசையாம நிக்குது?" என்று கேட்டேன். முழித்தாள்.

"மீன் வரணும்ல அத்தை!" என்றான் திணறியவன். அவள் வாசித்ததைக் கேட்டே கதையைப் பிடித்துவிட்டான்.

அவனுக்கு எழுத்தை ஒலியாக்குவதில் சிக்கல். டிஸ்லெக்ஸியா என்ற வாசிப்புக் குறைபாடா என்பது முறையாகச் சோதித்தால்தான் தெரியும். அவளுக்கு ஒலி வருகிறது, பொருள் ஏறவில்லை. இன்னும் சிலர் சரியாகவே படிப்பார்கள். ஆனால் வரி முடிவதற்குள் தொடக்கம் மறந்துபோகும் அளவுக்கு மெதுவாக. சிலருக்குக் கண்ணாடி போட்டாலே போதும்.

எல்லாருக்கும் வீட்டில் ஒரே வைத்தியம்: "பத்து தடவை படி!"

கற்றல் குறைபாட்டை 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமே ஏற்றுக்கொண்டுவிட்டது. நம் வீடுகளில் இன்னும் அதற்குப் பெயர் சோம்பேறித்தனம்.

பையனைச் சோதனைக்குக் கூட்டிப்போகச் சொல்லியிருக்கிறேன். அக்காவைப் பற்றிச் சொன்னால்தான் அவர்கள் அம்மா நம்ப மறுக்கிறார். "அவதான் நல்லா படிக்கிறாளே!"