ஒலி புகாத அறையில் காற்றுக்கு வழி

ஹோம் தியேட்டர் அறைகளுக்கு ஒலித்தடுப்பு அமைத்துக் கொடுக்கும் பணியில் நான் சந்திக்கும் வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் சுவரைப் பற்றியே கேட்கிறார்கள். எத்தனை அடுக்கு ஜிப்சம் பலகை, எவ்வளவு கனமான கதவு, எத்தனை டெசிபல் குறையும் என்று நுணுக்கமாக விசாரிப்பவர்கள்கூட, உள்ளே அமர்பவர்களுக்கு வெளிக்காற்று எப்படி வரும் என்று கேட்பது அரிது. நானாக எடுத்துச் சொன்னால், ஏசி இருக்கிறதே என்பார்கள். ஆனால் சாதாரண ஸ்பிளிட் ஏசி அறைக்குள் இருக்கும் காற்றையே திரும்பத் திரும்ப இழுத்துக் குளிர்விக்கிறதே தவிர, புதுக்காற்றைக் கொண்டுவருவதில்லை.

மற்ற அறைகளில் கதவடி இடைவெளியும் ஜன்னல் விளிம்புகளும் இந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்துவிடுகின்றன. ஒலியைத் தடுக்க நாங்கள் முதலில் அடைப்பதே அந்த இடைவெளிகளைத்தான். அடைக்காமலும் இருக்க முடியாது. சுவரின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால், மற்ற பகுதியை எவ்வளவு கனமாகக் கட்டினாலும் மொத்தத் தடுப்பு 20 டெசிபலைத் தாண்டாது.

அமைதியாக அமர்ந்திருக்கும் ஒருவர் மணிக்கு ஏறத்தாழ 18 லிட்டர் கார்பன் டை ஆக்சைடை வெளிவிடுகிறார். 50 கன மீட்டர் அறையில் ஆறு பேர் அமர்ந்து கதவை இறுக மூடினால், அந்த வாயுவின் அளவு 420 பிபிஎம்மில் (பத்து லட்சம் பங்கு காற்றில் 420 பங்கு) தொடங்கி ஒரு மணி நேரத்தில் 2,500 பிபிஎம்மைத் தாண்டிவிடும். படம் முடிவதற்குள் பலருக்குத் தலை கனக்கிறது, கண் சொருகுகிறது. பழியோ படத்தின் மீதும் நாற்காலியின் மீதும் விழுகிறது. ஆளுக்கு நொடிக்கு 7.5 லிட்டர் வெளிக்காற்று கொடுத்தால் இந்த அளவு சுமார் 1,100 பிபிஎம்மில் நின்றுவிடும்.

அந்தக் காற்றைச் சத்தமில்லாமல் கொண்டுவருவதுதான் எங்கள் தொழிலின் கடினமான பகுதி. எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் அதுவே. காற்றின் வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் அது எழுப்பும் இரைச்சல் 15 டெசிபலுக்கு மேல் குறையக்கூடும் என்பதால், குறுகிய குழாயும் வலுவான விசிறியும் எப்போதும் தவறான தேர்வு. மேற்சொன்ன ஆறு பேருக்கு 150 மில்லிமீட்டர் குழாயில் நொடிக்கு இரண்டரை மீட்டர் வேகத்தில் ஓட வேண்டிய காற்று, 200 மில்லிமீட்டர் குழாயில் ஒன்றரை மீட்டருக்கும் குறைவான வேகத்தில் நகர்ந்துவிடும். விசிறியை அறைக்கு வெளியே தொலைவில் தொங்கவிட்டு, அதன் அதிர்வு குழாயில் ஏறாதபடி இடையே நெகிழ்வான துண்டு ஒன்றை இணைத்து, அறையை நெருங்கும் இடத்தில் உட்புறம் கிளாஸ் வூல் என்னும் கண்ணாடி இழைப் பஞ்சு பதித்த, காற்று வளைந்து வளைந்து செல்லும் பெட்டி ஒன்றை வைக்கிறோம். ஒவ்வொரு வளைவிலும் ஒலி வலுவிழக்கிறது. தாழ்ந்த அதிர்வெண் கொண்ட பேஸ் ஒலிதான் இதற்கு எளிதில் அடங்காது. பெட்டியின் சுவர்களே கனமாக இல்லாவிட்டால் அது பலகையை ஊடுருவி வெளியேறிவிடும். காற்று உள்ளே வரும் வழிக்குச் செய்வதை எல்லாம் வெளியேறும் வழிக்கும் செய்தாக வேண்டும், ஏனெனில் வெளியேற இடமில்லாத அறைக்குள் விசிறியால் காற்றைத் தள்ள முடியாது.

இவற்றுக்கெல்லாம் கூரைக்கு மேலே இடம் வேண்டும் என்பதால், வரைபடம் தயாராகும்போதே அந்த இடத்தைக் கேட்டு நான் பிடிவாதமாக நிற்கிறேன். ஏற்கெனவே கட்டி முடித்த அறை என்றால், இடைவேளையில் கதவை அகலத் திறந்து, அடுத்த அறையின் ஜன்னலையும் திறந்து, மேசை விசிறி ஒன்றால் பத்து நிமிடமாவது காற்றை மாற்றச் சொல்கிறேன்.