அம்மாவும் சின்சேயும்

மார்ச் 3, 2025, திங்கள்

அப்பா தவறி ஏழு மாதம். தொண்டையில் ஏதோ அடைக்கிறது என்று அம்மா சொல்லத் தொடங்கி ஐந்து மாதம். தொண்டை மருத்துவர் குழாய் விட்டுப் பார்த்து ஒன்றுமில்லை என்றார். மனநல மருத்துவர் மனச்சோர்வு என்று செர்ட்ரலின் 50 மில்லிகிராம் எழுதித் தந்தார். "எனக்கென்ன பைத்தியமா?" அதோடு அம்மா பேச்சு முடிந்தது. நான் எதிரே நின்றால்தான் மாத்திரை உள்ளே போகிறது.

மார்ச் 8, சனி

பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி சொன்ன சின்சேயிடம், அதாவது சீன மருத்துவரிடம், இங்கே சிங்கப்பூரில் தோ பாயோவுக்கு அம்மாவைக் கூட்டிப்போனேன். எழுபதைத் தாண்டியவர். அம்மாவும் அவரும் பேசியது மலாயில்.

நாக்கை நீட்டச் சொன்னார். இரண்டு மணிக்கட்டிலும் மூன்று விரல் வைத்து நாடி பார்த்தார். தூக்கம் எப்படி, பெருமூச்சு வருமா, விலா ஓரம் இறுக்குமா என்று கேட்டுக்கொண்டே போனார். அம்மா எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். கடைசியில் தானாகவே, "ஹாத்தி சாக்கிட்" என்றார்.

மலாயில் ஹாத்தி என்றால் கல்லீரல், மனசுக்கும் அதே சொல். அம்மா சொன்னது மனசு நோவதை. சின்சே தலையாட்டி, ஆமாம், ஹாத்திதான் என்று விலாவைத் தொட்டுக் காட்டினார். அடக்கிவைத்த துக்கம் கல்லீரலில் 'ச்சி' எனும் உயிராற்றலின் ஓட்டத்தைத் தடுக்கும், தடைப்பட்ட ச்சி சளியோடு சேர்ந்து தொண்டையில் நிற்கும் என்பது சீன மருத்துவத்தின் கணக்கு. இதற்கு 'மெய் ஹே ச்சி', அதாவது பிளம் கொட்டை ச்சி என்று பெயர். சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முன் சீன மருத்துவர் ஜாங் ஜோங்ஜிங் எழுதியதிலேயே, சுட்ட இறைச்சித் துண்டு தொண்டையில் சிக்கியதுபோல என்று வருகிறது. அவர் சொன்ன அதே கஷாயம்தான் அம்மாவுக்கும்: பான் சியா கிழங்கு, மக்னோலியா பட்டை, ஃபூ லிங் காளான், இஞ்சி, பெரில்லா இலை.

பேருந்தில், "அவருக்குப் புரியுது" என்றார் அம்மா. அப்புறம் இறங்கும்வரை அப்பாவைப் பற்றியே பேசினார்.

மார்ச் 12, புதன்

1980-களில் சீனாவின் ஹுனானில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆர்தர் கிளைன்மன் செய்த ஆய்வைப் படித்தேன். நரம்புத் தளர்ச்சி என்று வந்த 100 பேரில் 87 பேருக்கு இருந்தது மனச்சோர்வு. அவர்கள் சொன்னதோ தலைவலி, தூக்கமின்மை. அம்மாவும் அப்படித்தானே சொன்னார்! நாங்கள்தான் தொண்டையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மார்ச் 19, புதன்

பயந்துபோனேன். கஷாயம் போதும் என்று நான்கு நாளாக மாத்திரையை ஒளித்துவைத்திருக்கிறார். தலைசுற்றல், தலைக்குள் மின்சாரம் அடிப்பதுபோல இருக்கிறதாம். திடீரென நிறுத்தினால் இப்படி ஆகும் என்றார் மருத்துவர். சின்சேயிடம் சொன்னதும் கோபம் வந்துவிட்டது அவருக்கு. நிறுத்தச் சொன்னேனா, இரண்டும் சேர்ந்துதான் என்று போனிலேயே அம்மாவைக் கடிந்தார். கஷாயப் பட்டியலை மனநல மருத்துவரிடமும் மருந்தாளுநரிடமும் காட்டிவிட்டேன். முதல் நாளே செய்திருக்க வேண்டியது.

ஏப்ரல் 5, சனி

உச்சந்தலை, மணிக்கட்டின் உட்புறம், கால் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே என்று சின்சேயின் அக்குபங்சர் ஊசிகள். அம்மா படுத்தபடியே தூங்கிவிட்டார். மனச்சோர்வுக்கு அக்குபங்சர் பற்றி, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2018 தொகுப்பு 64 ஆய்வுகளைப் பார்த்து, ஓரளவு குறையலாம், ஆதாரத்தின் தரம் குறைவு என்கிறது. அம்மாவிடம் தெரியும் மாற்றத்தில் மாத்திரைக்குப் பெரிய பங்கு என்றே நினைக்கிறேன். ஆனால் மாத்திரையை அம்மா நம்ப வைத்தவர் சின்சே.

இன்று அப்பாவின் சட்டைகளை எடுத்து மடித்தார். தொண்டை எப்படி என்றேன்.

"இருக்குது. முழுங்க முடியுது."