‘தெரியவில்லை’ என்று எழுதியவனுக்கும் முழு மதிப்பெண்

“27. பெயர் தெரியவில்லை. சிட்டுக்குருவியை விடக் கொஞ்சம் பெரியது. கறுப்பும் வெள்ளையும். வாலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே நடந்தது. தத்தவில்லை. மறுகால் கல்லில் இருந்தது.”

என்னிடம் ஏழாம் வகுப்பு படிக்கும் பையன் ஒருவனின் நோட்டில் இருக்கும் குறிப்பு இது. தேர்வுத் தாளில் சேர்ந்தாற்போல நான்கு வரி எழுதமாட்டான். ஆனால் ஒரு பறவை நடக்கிறதா தத்துகிறதா என்று பிரித்துப் பார்த்து எழுதியிருக்கிறான். சிட்டுக்குருவி தத்தும், வாலாட்டிக் குருவி நடக்கும். அந்தப் பக்கத்துக்கு 10-க்கு 10 போட்டேன். பெயர் எழுதாதவனுக்கு எப்படி முழு மார்க் என்று சக ஆசிரியை ஒருவர் கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

திருநெல்வேலிப் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் நான் அறிவியல் ஆசிரியை. எட்டாம் வகுப்பு வரை எங்களுக்கு முப்பருவ முறை. பருவக் கடைசியில் எழுதும் தேர்வான தொகுத்தறி மதிப்பீடு 60, பருவம் நடக்கும்போதே வகுப்பில் போடும் வளரறி மதிப்பீடு 40. அந்த 40-இல் பாதி, அதாவது வளரறி (அ)-வுக்கான 20, செயல்பாடுகளுக்கு உரியது. பிள்ளை தன் கையால் ஏதாவது செய்து, அதற்கு மதிப்பெண் வாங்குகிற இடம் இந்த 20-தான். நல்ல ஏற்பாடு. ஆனால் நடைமுறையில் இந்த 20 எங்கே போய்ச் சேருகிறது என்பது ஆசிரியர்கள் எல்லோருக்கும் தெரியும். சார்ட் கடைக்குப் போகிறது. தெர்மாகோலுக்குப் போகிறது.

நானும் அப்படிப் போட்டவள்தான். முன்பு வேலை பார்த்த பள்ளியில் ஒரு மாணவி சூரியக் குடும்ப மாதிரி கொண்டுவந்தாள். ஒன்பது உருண்டைகள், மினுமினுக்கும் பெயின்ட், சனிக்கு வளையம். முழு மதிப்பெண் கொடுத்துவிட்டு, “இதில் எதை நீ வானத்தில் பார்த்திருக்கிறாய்?” என்று கேட்டேன். ஒன்றையும் பார்த்ததில்லை என்றாள். அந்த மாதத்தில் தினமும் சாயங்காலம் வெள்ளி மேற்கே பளிச்சென்று தெரிந்துகொண்டிருந்தது. மாதிரி செய்ய 400 ரூபாய் ஆயிற்றாம். அவள் அப்பாவுக்கு ஒருநாள் கூலி அது. அன்று வீட்டுக்குப் போன பிறகும் எனக்கு மனசு சரியில்லை. அதற்கடுத்த பருவத்திலிருந்து கடையில் வாங்கும் எதற்கும் என் வகுப்பில் மதிப்பெண் கிடையாது என்று வைத்துக்கொண்டேன். ஒரு 80 பக்க நோட்டு, ஒரு பென்சில் போதும்.

முதலில் போன இடம் எங்கள் ஊர்க் குளம். முதல் தடவை சரியாக வரவில்லை. நாற்பது பிள்ளைகளையும் ஒரே வரிசையாகக் கரையில் ஏற்றினேன். ஏறின சத்தத்துக்கே நாமக்கோழி என்கிற கறுப்பு நீர்ப்பறவைகள் எல்லாம் எதிர்க்கரைக்குப் போய்விட்டன. மிச்சம் இருந்தது இரண்டு மடையான் கொக்கும் ஒரு எருமையும்தான். இப்போதெல்லாம் ஐந்து ஐந்து பேராகப் பிரித்து, மடைக்கு ஒரு குழு, உபரித் தண்ணீர் வழியும் மறுகாலுக்கு ஒரு குழு, கரை வளைவில் ஒரு குழு என்று உட்கார வைத்துவிடுகிறேன். குழுவுக்கு ஒரு அம்மா கூட இருப்பார். பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் தாய்மார்கள்தான் இதற்குப் பெரிய துணை. மடைப்பக்கம் ஆழம், அங்கே யாரும் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது என்பதில் மட்டும் நான் கறார். பெற்றோர் கையெழுத்து இல்லாமல் ஒருவரையும் கூட்டிப்போவதில்லை.

எண்ணுவதற்கு ஒரு முறை இருக்கிறது. நூற்றுக்கணக்கில் நாமக்கோழி மிதக்கும்போது ஒன்றொன்றாக எண்ணினால் முடியாது. முதலில் பத்தை எண்ண வேண்டும். அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் பதிய வைத்துக்கொண்டு, அந்த அளவிலேயே கூட்டம் முழுவதையும் அளந்துகொண்டே போக வேண்டும். கணக்குப் பாடத்தில் உத்தேச மதிப்பு என்று நடத்துகிறோமே, அது இங்கே உயிரோடு மிதக்கிறது. இரண்டு பேர் தனித்தனியாக எண்ணி, எண்ணிக்கை மிகவும் வேறுபட்டால் மறுபடி எண்ணுவார்கள். பக்கத்தில் இருப்பவனைப் பார்த்து எழுதினால் இங்கே பயன் இல்லை என்பது அவர்களுக்கே புரிந்துபோகும்.

இந்த எண்ணிக்கை எங்கள் நோட்டோடு நின்றுவிடுவதும் இல்லை. 2011 முதல் ஜனவரியில் தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. மணிமுத்தாறில் இருக்கும் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம் மற்ற அமைப்புகளோடு சேர்ந்து நடத்துகிறது. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துக் குளங்களுக்குத் தன்னார்வலர்களும் மாணவர்களும் குழுக்களாகப் போய் எண்ணுகிறார்கள். பொங்கல் நாட்களில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு. பிப்ரவரியில் நான்கு நாள் உலகம் முழுக்க நடக்கும் கணக்கெடுப்பு இன்னொன்று. அதற்குக் குளம்கூட வேண்டாம், பள்ளி வளாகத்தில் 15 நிமிடம் நின்று பார்த்தாலும் பட்டியல் அனுப்பலாம். பறவைப் பட்டியல்களைப் பதிவு செய்யும் ஈபேர்ட் செயலியில் என் போனிலிருந்து ஏற்றிவிடுவேன். தாங்கள் எண்ணிய எண் பதிவானதைப் பிள்ளைகள் போனை வாங்கி வாங்கிப் பார்ப்பார்கள்.

கரையில் ஒருநாள் மடைக்காரப் பெரியவர் வந்தார். “என்ன டீச்சரம்மா, பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு காலங்காத்தால?” என்றார். நாரை ஏன் ஒன்றுகூட இல்லை என்று பிள்ளைகள் கேட்டதற்கு, “தண்ணி நிறைஞ்சு கெடந்தா நாரை எறங்காது. வத்தட்டும், மீன் ஒதுங்கும்லா, அப்பம் பாருங்க” என்றார். கேட்டதை அப்படியே நோட்டில் எழுதச் சொன்னேன், சொன்னவர் யார் என்பதோடு. பிசான நெல் அறுவடை நெருங்கி, தண்ணீர் வற்ற வற்ற ஒவ்வொரு ஞாயிறும் போய்ப் பார்த்தோம். முதலில் பூஜ்யம். அப்புறம் 3. அப்புறம் 19. பெரியவர் சொன்னதைப் பிள்ளைகள் சரிபார்த்துவிட்டார்கள். அந்தப் பூஜ்யத்தை எழுதாமல் விட்டிருந்தால் 19-க்குப் பொருளே இல்லை. ‘ஒன்றும் இல்லை’ என்று எழுதினால் மார்க் போய்விடுமோ என்று பயந்த பிள்ளைகள் அதற்கப்புறம் தைரியமாகப் பூஜ்யம் போடுகிறார்கள்.

அந்த 19-இல் பாதி நத்தைகுத்தி நாரை. இதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இதன் அலகை மூடினாலும் நடுவில் ஓர் இடைவெளி தெரியும், பாக்குவெட்டி மாதிரி. அதை வைத்து நத்தை ஓட்டை உடைக்கிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஒரு பையன் சேற்று ஓரத்தில் காலி ஓடுகளைப் பொறுக்கிக்கொண்டு வந்தான். சட்டைப்பை நிறைய இருந்தன. கரையில் பரப்பிப் பார்த்தால் நிறைய ஓடுகள் முழுசாக இருந்தன. ஓட்டின் வாயை அடைத்திருக்கும் மூடி மட்டும் இல்லை. “டீச்சர், ஓடு உடையவே இல்ல. உள்ள இருந்ததை எப்படி எடுத்துருக்கும்?” என்றான்.

எனக்கு அப்போது பதில் தெரியாது. வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தேன். கீழ் அலகின் கூர்மையான நுனியை மூடிக்குள் நுழைத்து, நத்தையின் சதையை ஓட்டிலிருந்து வெட்டி உருவி எடுக்குமாம். எல்லாம் தண்ணீருக்குள் முகம் புதைத்தபடியே நடப்பதால் நம் கண்ணுக்குச் சரியாகத் தெரிவதில்லை. குஞ்சு பொரிந்து வரும்போது அலகில் அந்த இடைவெளி இருப்பதே இல்லை, வளர வளரத்தான் உண்டாகிறது. இதைத் திங்கட்கிழமை வகுப்பில் சொன்னபோது அந்தப் பையன் பெஞ்சிலிருந்து எழுந்தே நின்றுவிட்டான். பக்கத்துக்கு நான் தரும் பத்தில் இரண்டு மதிப்பெண் ‘உனக்கு எழுந்த ஒரு கேள்வி’ என்பதற்கு. தேதி, நேரம், வானிலைக்கு இரண்டு. பார்த்ததை விவரித்து எழுத நான்கு. படம் வரைய இரண்டு. பெயருக்கென்று தனி மதிப்பெண் இல்லை. படம் அழகாக இருக்க வேண்டியதில்லை. கால் எந்த நிறம், அலகு எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது என்பது தெரிந்தால் போதும்.

ஒரு தடவை கூந்தன்குளத்துக்கும் வேன் வைத்துக் கூட்டிப்போனோம். 1994-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட ஊர். ஊருக்குள் வீட்டு மரங்களிலேயே சங்குவளை நாரை கூடு கட்டியிருக்கும். பறவைகளுக்காக அந்த ஊரில் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. இமயமலையைத் தாண்டி வரும் பட்டைத்தலை வாத்தைப் பிள்ளைகள் அங்கேதான் முதலில் பார்த்தார்கள். வேன் செலவு கையைக் கடித்தது. அதனால் அதற்கு மதிப்பெண் வைக்கவில்லை, காசு கொடுத்து வர முடிந்தவர்களுக்கு மட்டும் மார்க் என்றாகிவிடக் கூடாது.

காசே இல்லாமல் செய்வது நிழலில்லா நாள். எங்கள் பக்கம் வருடத்துக்கு இரண்டு தடவை, ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும் ஆகஸ்ட் கடைசி நாட்களிலும், சூரியன் உச்சிக்கு நேர் மேலே வரும். கொத்தனார் வீட்டுப் பிள்ளை தூக்குக்குண்டு கொண்டுவந்தான். அதை வைத்துப் பிளாஸ்டிக் குழாய்த் துண்டு ஒன்றைச் செங்குத்தாக நிறுத்தினோம். பதினொன்றரையிலிருந்து பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியைச் சாக்பீஸால் குறித்தார்கள். 12 மணி ஆயிற்று, நிழல் இன்னும் இருக்கிறது. முகம் எல்லாம் வாடிவிட்டது. 12:20 வாக்கில் குழாயைச் சுற்றி நிழலே இல்லை. தரையில் குழாய் மட்டும் ஒட்டவைத்த மாதிரி நின்றது. ஒரு சத்தம் போட்டார்கள் பாருங்கள், தலைமையாசிரியர் வெளியே வந்துவிட்டார்.

ஏன் 12 மணிக்கு மறையவில்லை என்பதுதான் அன்றைய கேள்வி. நம் நாட்டுக் கடிகாரம் 82.5 பாகை தீர்க்கக் கோட்டுக்கு வைக்கப்பட்டது. நாம் இருப்பது 77.7 பாகை அருகில். ஒரு பாகைக்கு நான்கு நிமிடம். கரும்பலகையில் வித்தியாசத்தைப் பெருக்கிப் பார்த்தால் 19 நிமிடம் வருகிறது. சமூக அறிவியல் புத்தகத்தில் பல வருடமாகப் படித்த வரியைப் பிள்ளைகள் அன்று மண்ணில் நின்று கண்டார்கள்.

இதெல்லாம் நான் தனியாகக் கண்டுபிடித்தது இல்லை. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் பிள்ளைகளுக்காக நடத்தும் துளிர் இல்லங்களும், 1987 முதல் வரும் ‘துளிர்’ சிறுவர் அறிவியல் இதழும், தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாடும் வருடக்கணக்காகச் செய்துவருவதுதான். 2022 நவம்பரில் அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் எட்டு வரை படிக்கும் பிள்ளைகள் அறிவியலைச் செய்து பார்த்துப் படிப்பதற்காக வானவில் மன்றம் என்ற அரசுத் திட்டம் வந்தபோது எங்களுக்கும் இன்னும் கொஞ்சம் தெம்பு வந்தது. நான் மாற்றியது மதிப்பெண்ணை எதற்குத் தருகிறேன் என்பதை மட்டும்தான்.

ஒரு விஷயம் வெகு நாள் உறுத்திக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லாப் பிள்ளைகளாலும் குளத்துக்கு வர முடியாது. எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஒரு தடவைகூட வரவில்லை. கேட்டால் தலையைக் குனிந்துகொள்வாள். அப்புறம்தான் தெரிந்தது, அம்மா பீடிக்கடை வேலையாகப் போய்விட்டால் ஒன்றரை வயதுத் தம்பியை இவள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். வர வசதி உள்ளவர்களுக்கே மதிப்பெண் என்றால் நான் சார்ட் கடையை மூடிவிட்டு வேறு கடை திறந்த மாதிரிதான். அவளிடம், “உன் வீட்டு வாசலில் என்ன மரம் இருக்கிறது?” என்று கேட்டேன். முருங்கை என்றாள். சரி, அதையே வாரம் இரண்டு நாள் பார்த்து எழுது, குளத்துக்கு என்ன மார்க்கோ அதே மார்க் என்றேன்.

ஐப்பசியிலிருந்து எழுதினாள். இலை எத்தனை காம்பு உதிர்ந்தது, பூ எப்போது வந்தது, எந்த நேரத்தில் தேனீ வந்தது, ஆச்சி எவ்வளவு கீரை பறித்தாள், எல்லாம் இருந்தது. மழை விட்டதும் ஒரு பக்கம் முழுக்கக் கம்பளிப்பூச்சி. “தூரில் ஒரு கை அகலத்துக்குக் கூட்டமாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அசையவில்லை. ஆனால் தினமும் மேலே இலை குறைகிறது. ஆச்சி தீப்பந்தம் வைக்க வேண்டும் என்கிறாள். இரண்டு நாள் பொறுக்கச் சொல்லியிருக்கிறேன். அசையாமல் இருப்பவை எப்போது தின்கின்றன?”

ராத்திரி சாப்பிட்டுவிட்டு டார்ச் அடித்துப் பார், கையால் தொடாதே, அரிக்கும் என்று மட்டும் சொன்னேன். மறுநாள் வகுப்புக்கு வரும்போதே நோட்டைத் திறந்து பிடித்துக்கொண்டு வந்தாள்.

“இரவு 8:40. தூரில் ஒன்றும் இல்லை. எல்லாம் மேலே ஏறிவிட்டன. இலையில் இருக்கின்றன. காது கொடுத்தால் தின்கிற சத்தம் கேட்கிறது. தம்பியும் பார்த்தான்.”