மேகம் விலகும் வரை

டிசம்பர் 3
தண்டையார்பேட்டையில் விடாத தூறல். மாடியில் போட்ட துணியை மூன்று முறை ஓடி எடுத்தேன். மகனிடமிருந்து போன் வரவில்லை.

டிசம்பர் 4
தூக்கம் வராமல் மறுபடி மெகீயைப் பற்றியே படித்துக்கொண்டிருந்தேன். ஜான் கில்லெஸ்பி மெகீ. 1922-ல் ஷாங்காயில் பிறந்த பிள்ளை. அப்பா அமெரிக்கப் பாதிரியார், அம்மா இங்கிலாந்துக்காரி. யேல் பல்கலைக்கழகத்தில் உதவித்தொகையோடு இடம் கிடைத்திருந்தது. அதை விட்டுவிட்டு 1940-ல் கனடா விமானப்படையில் போய்ச் சேர்ந்தான். அமெரிக்கா அப்போது போரிலேயே இறங்கவில்லை. அவனுடைய அம்மா என்ன சொல்லி அனுப்பியிருப்பாள்? நான் சென்ட்ரலில் "வேளாவேளைக்குச் சாப்பிடு" என்றேன். வேறு எதுவும் வாயில் வரவில்லை.

டிசம்பர் 5
போன் வந்தது. நாலு நிமிஷம். "மேகம் கட்டியிருந்தா ஏறவே விடமாட்டாங்கம்மா." சரி என்றேன். வானிலை ஒத்துழைத்தால் 11-ஆம் தேதி சோலோவாம், தனியாக விமானம் ஓட்டப்போகிறானாம். அந்தத் தேதி என்ன தேதி என்று அவனிடம் சொல்லவில்லை.

டிசம்பர் 7
மேகம்தான். 1941 டிசம்பர் 11, இங்கிலாந்தில் லிங்கன்ஷயர். மெகீயும் மற்றவர்களும் ஓட்டிய ஸ்பிட்ஃபயர் போர் விமானங்கள் பயிற்சி முடிந்து, மேகத்தில் தெரிந்த இடைவெளி வழியாகக் கீழே இறங்குகின்றன. கிரான்வெல் தளத்தின் ஆக்ஸ்ஃபோர்டு பயிற்சி விமானம் ஒன்று குறுக்கே வந்துவிட்டது. சுமார் 1,400 அடி உயரத்தில் மோதல். எதிரி சுட்டிருந்தால்கூட ஆத்திரப்பட ஓர் ஆள் இருந்திருப்பான். கீழே நின்ற விவசாயி பார்த்திருக்கிறார்: மெகீ தலைக்கு மேலிருந்த கண்ணாடி மூடியைத் தள்ளிப் போராடித் திறந்து, எழுந்து நின்று, குதித்தான். பாராசூட் விரிய உயரம் போதவில்லை. வயது 19.

திறந்துவிட்டான் என்பதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

டிசம்பர் 8
ஈரத்தில் குளியலறைக் கதவு உப்பிப்போய், உள்ளே மாட்டிக்கொண்டேன். தோளால் இடித்தும் அசையவில்லை. அவர் வெளியிலிருந்து உதைத்துத் திறந்தார். "இதுக்கா அழுவுற?" என்றார். பதில் சொல்லவில்லை.

டிசம்பர் 9
மோதிய இன்னொரு விமானத்தில் இருந்தவன் எர்னஸ்ட் ஆப்ரி கிரிஃபின். அவனும் 19. பயிற்சியில் இருந்த பிள்ளை, என் மகனைப் போல. மெகீ அந்தச் செப்டம்பரில் வீட்டுக்குப் போட்ட கடிதத்தில் 14 வரிக் கவிதை ஒன்று எழுதியிருந்தான். வானத்தில் பறக்கிற சந்தோஷத்தை. அதனால் அவனை இன்னும் உலகம் நினைக்கிறது. கிரிஃபின் வீட்டுக்கு என்ன எழுதினான்? இத்தனை நாள் நானும் மெகீ, மெகீ என்றுதானே இருந்தேன்.

திருவொற்றியூர் போனேன். வடிவுடையம்மன் சன்னதியில் மகன் பெயருக்கு அர்ச்சனை. அப்புறம் இரண்டு அகல் தனியாக.

டிசம்பர் 10
மாமனார் இருந்தபோது பேரனை மடியில் வைத்துச் சொல்வார்: சண்டைக் காலத்தில் புழல் ஏரியில் வெள்ளைக்காரன் விமானம் தண்ணீரிலேயே இறங்கும், தண்ணீரிலிருந்தே கிளம்பும், பேர் கேட்டலினா. இவன் "இன்னொரு தடவை தாத்தா" என்பான். நானும் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

மழை விட்டுவிட்டது.

டிசம்பர் 11
இங்கே வானம் வெளுத்திருக்கிறது. அங்கே எப்படியோ. பத்து மணிக்கு மேல் என்றான். அவர் பேப்பரின் ஒரே பக்கத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். தெருமுனையில் கன்டெய்னர் லாரிகள் ஹாரன் அடிக்கிற ஒவ்வொரு தடவையும் போனை எடுத்துப் பார்க்கிறேன்.

11.40. துணியெல்லாம் காய்ந்துவிட்டது. எடுக்கப் போனவள் மேலேயே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். ஒரு பொட்டு மேகம் இல்லை.