பருத்திக்கு மருந்து அடிக்கும் முன் வந்திருக்க வேண்டிய கடிதம்

மனிதர்கள் மீதான ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கடிதம் என் கைக்கு வந்து சேர்ந்தபோது, நாங்கள் தேர்ந்தெடுத்திருந்த ஊர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் பருத்திக்கு முதல் மருந்து அடித்து முடித்திருந்தார்கள். அந்தக் கோபம் இன்னும் எனக்கு ஆறவில்லை. வேளாண் கல்லூரியில் படித்துக்கொண்டே மருத்துவம் சார்ந்த ஆய்வுக்குள் இறங்கப் போகும் முனைவர் பட்ட மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் கல்லூரியில் இந்த வழியில் எனக்கு முன்னால் போனவர்கள் யாரும் இல்லாததால், கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூட எனக்கு ஆள் இருக்கவில்லை.

பெரம்பலூர் மாவட்டத்தின் மானாவாரிப் பருத்தியில் பூச்சிக்கொல்லி தெளிப்பவர்களின் ரத்தத்தில், நரம்புகள் சரியாக இயங்கத் தேவையான கோலின்எஸ்டரேஸ் நொதி எவ்வளவு குறைகிறது என்று அளப்பதுதான் என் ஆய்வு. புரொபெனோபாஸ், குளோர்பைரிபாஸ், அசிபேட் போன்ற ஆர்கனோபாஸ்பேட் மருந்துகள் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உள்ளே போய் இந்த நொதியை முடக்கிவிடுகின்றன. தலைவலி, வியர்வை, வாயில் எச்சில் ஊறுவது, கண் மங்குவது என்று தொடங்கி மூச்சுத் திணறல் வரை போகும். 2017-இல் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் பருத்திக்கு மருந்து தெளித்த கூலித் தொழிலாளர்கள் பலர் இறந்தார்கள். அவ்வளவு முற்றுவதற்கு முன்பே, ரத்தத்தில் தெரியும் சரிவை வைத்து ஒருவரைத் தெளிப்பு வேலையிலிருந்து விலக்கி வைக்க முடியுமா என்பதே என் கேள்வி.

இதில் ஒரு சிக்கல் உண்டு. இந்த நொதி ஆளுக்கு ஆள் இயல்பிலேயே வெகுவாக மாறுபடும். ஒருவருக்குச் சாதாரணமாக இருக்கும் அளவு இன்னொருவருக்கு ஆபத்தான சரிவாக இருக்கலாம். ஆகவே, தெளிப்பதற்கு முன் அவருடைய சொந்த அளவு என்ன என்று தெரிந்திருக்க வேண்டும். கலிபோர்னியாவின் விதிமுறையே இப்படித்தான் அமைந்திருக்கிறது. இந்த நொதியை ரத்தச் சிவப்பணுவிலும், ரத்தத்தின் நீர்ப் பகுதியான பிளாஸ்மாவிலும் தனித்தனியாக அளப்பார்கள். சிவப்பணு நொதி அவரவர் தொடக்க அளவில் 70 சதவீதத்துக்கோ, பிளாஸ்மா நொதி 60 சதவீதத்துக்கோ இறங்கிவிட்டால் அந்தத் தொழிலாளியை மருந்து வேலையிலிருந்து எடுத்துவிட வேண்டும். 80 சதவீதத்துக்குத் திரும்பிய பிறகுதான் மறுபடி சேர்க்கலாம். அந்தத் தொடக்க அளவு இல்லாமல் பின்னால் எத்தனை குழாய் ரத்தம் எடுத்தாலும் எதனோடு ஒப்பிடுவது? ஆவணி, புரட்டாசியில் விதைத்த பருத்தியில் அசுவினியும் தத்துப்பூச்சியும் ஏறுவதற்குச் சில வாரங்களே பிடிக்கும். எனக்குக் கிடைக்கக்கூடிய காலம் அந்தச் சில வாரங்கள்தான்.

எங்கள் கல்லூரியில் மனிதர்கள் மீதான ஆய்வுக்கு நெறிமுறைக் குழு கிடையாது. ரத்தம் எடுப்பதால் முழுக் குழுவின் பரிசீலனை தேவை என்று வழிகாட்டி முதல் நாளே சொல்லிவிட்டார். சமூக மருத்துவத் துறைப் பேராசிரியர் ஒருவர் இணை ஆய்வாளராக வர மனமுவந்து ஒப்புக்கொண்டார். இதுவரை எல்லாம் சுலபம்.

நாங்கள் முதலில் அணுகிய மருத்துவக் கல்லூரியில் கோப்பை வாங்கிக்கொண்டார்கள். அவர்களுடைய குழுவின் பதிவு காலாவதியாகிப் புதுப்பிப்பில் கிடக்கிறது என்பதை யாரும் சொல்லவில்லை. 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகளின்படி, உயிரி மருத்துவ ஆய்வுகளைப் பரிசீலிக்கும் நெறிமுறைக் குழு மத்திய சுகாதார ஆராய்ச்சித் துறையில் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பதிவுக்குக் காலவரம்பும் உண்டு. பதிவு எண்ணை நாங்களே கேட்டு வாங்கிப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. கோப்பைத் திரும்பப் பெற மறுபடியும் ஒரு பயணம். நீங்கள் கோப்பை நீட்டுவதற்கு முன்பே பதிவுச் சான்றிதழின் நகலைக் கேளுங்கள். தரத் தயங்கினால் அடுத்த கல்லூரியைப் பாருங்கள்.

இரண்டாவதாகப் போன கல்லூரியின் குழு அருமையான குழு. அதன் அலுவலகத்து எழுத்தரைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. நாங்கள் நிரப்பிக் கொண்டுபோன படிவம் பழையது என்றார். புதியது எங்கே கிடைக்கும் என்று கேட்டதற்கு, "எல்லோரும் இங்கே வந்துதான் வாங்கிப் போகிறார்கள்" என்றார். உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒரு பிரதி, சுருள் கம்பி போட்டு வேண்டும். தமிழ் ஒப்புதல் படிவத்தை வேறொருவர் மீண்டும் ஆங்கிலத்தில் பெயர்த்து, மூலத்தோடு பொருந்துகிறது என்று சான்று தர வேண்டும். எங்கள் கல்லூரியின் ஆங்கில உதவிப் பேராசிரியர் கடிதத்தாளில் தந்த சான்றே போதுமானதாக இருந்தது. அதற்கென்று வெளியில் பணம் கொடுத்து ஆள் தேட வேண்டியதில்லை.

இவையெல்லாம் முடித்து, கடைசித் தேதிக்கு முன்பே கோப்பைக் கொடுத்தோம். குழு இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் கூடும். கூட்ட நாளன்று காலையில் போய் வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். வரிசையாகப் பெயர்களை அழைத்தார்கள். பட்டியல் முடிந்த பிறகும் என் பெயர் வரவில்லை. உள்ளே போய் எழுத்தரிடம் கேட்டேன்.

"இணை ஆய்வாளரின் துறைத் தலைவர் கையெழுத்துக்குக் கீழே முத்திரை இல்லை மேடம். அதனால் வைக்கவில்லை."

"முகப்புக் கடிதத்தில் என் செல்பேசி எண் இருக்கிறதே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"நீங்கள்தான் வந்து கேட்டிருக்க வேண்டும்."

அந்த முத்திரை அதே கட்டடத்தில், இரண்டு மாடிக்கு மேலே, அந்தத் துறையின் மேசை இழுப்பறையில் இருந்தது. ஏறிப் போய் வைத்துக்கொண்டு வர ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. கோப்பு வாரக்கணக்கில் எழுத்தரின் அலமாரியில் கிடந்திருக்கிறது. அன்றைக்கே முத்திரை வாங்கி வந்து நீட்டினேன். நிகழ்ச்சி நிரலில் இல்லாததை எடுக்க முடியாது என்று உறுப்பினர் செயலர் சொன்னார். விதிப்படி அவர் சொன்னது சரி. எனக்கு ஒரு பருவத்தின் தொடக்கம் போயிற்று.

ஆகவே கோப்பைக் கொடுக்கும்போதே உங்கள் பிரதியில் தபால் எண்ணும் தேதியும் போட்டு வாங்குங்கள். சரிபார்ப்புப் பட்டியலை எழுத்தர் முன்னிலையிலேயே ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டி, அவருடைய சுருக்கக் கையொப்பத்தைப் பெறுங்கள். முகம் சுளித்தாலும் விடாதீர்கள். அன்று மாலையே உறுப்பினர் செயலருக்கு மின்னஞ்சலில் முழுக் கோப்பையும் அனுப்பிவிடுங்கள். கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்பு, நிகழ்ச்சி நிரலில் எத்தனையாவதாக இருக்கிறோம் என்று கேளுங்கள். "இருக்கிறது" என்ற பதில் போதாது, வரிசை எண் வேண்டும்.

அடுத்த கூட்டத்தைப் பற்றி நல்லதைச் சொல்லியாக வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகளின்படி, குழுவின் தலைவர் வெளி நிறுவனத்திலிருந்து வந்தவராக இருக்க வேண்டும். மருத்துவர்களோடு ஒரு சட்ட வல்லுநர், ஒரு சமூக அறிவியலாளர், துறை சாராத ஒரு பொதுமக்கள் பிரதிநிதி ஆகியோரும் இருப்பார்கள். அந்தப் பொதுமக்கள் பிரதிநிதி ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. "கூலிக்கு மருந்து அடிப்பவருக்கு அளவு குறைந்திருக்கிறது என்று நிலத்துக்காரருக்குத் தெரிந்தால் மறுநாள் அவருக்கு வேலை கிடைக்குமா?" என்று கேட்டார். முடிவைச் சம்பந்தப்பட்டவரிடம் மட்டும் சொல்வோம் என்று எழுதியிருந்தோம். அது போதாது என்றார். ரத்தம் எடுக்கும் இடம் நிலத்துக்காரர் வீட்டுத் திண்ணையாகவோ களமாகவோ இருக்கக்கூடாது, ஊர்ப் பொதுக் கட்டடமாக இருக்க வேண்டும் என்று சேர்க்கச் சொன்னார். எழுதப் படிக்கத் தெரியாதவர் கைரேகை வைக்கும்போது உடனிருக்கும் சாட்சி ஊர்த் தலைவராகவோ, நிலத்துக்காரராகவோ, எங்கள் குழுவைச் சேர்ந்தவராகவோ இருக்கக்கூடாது என்றார் வழக்கறிஞர். ரத்தம் கொடுக்க வரும் அரை நாளுக்கு இழந்த கூலியை ஈடுகட்ட வேண்டும், ஆனால் பணத்துக்காகவே சம்மதிக்கும் அளவுக்குத் தொகை பெரிதாக இருக்கக்கூடாது என்றும் சொன்னார்கள். இந்தத் திருத்தங்கள் ஒவ்வொன்றும் களத்தில் எங்களைக் காப்பாற்றின. ஓர் ஊரில் நிலத்துக்காரர் ஒருவர் "எங்கள் ஆட்களின் முடிவை என்னிடம் கொடுங்கள்" என்று உரிமையோடு வந்து நின்றார். ஒப்புதல் கடிதத்தின் அந்த வரியைக் காட்டித்தான் அவரைத் திருப்பி அனுப்பினோம்.

ஒப்புதல் வந்தபோது பருவம் கைமீறியிருந்தது என்று முதலிலேயே சொன்னேன். என்ன செய்வது? இங்கே உடலியல்தான் ஒரு வழி விட்டது. சிவப்பணு சுமார் 120 நாட்கள் வாழும். முடங்கிய சிவப்பணு நொதி மீள்வது, பெரும்பாலும் புதிய அணுக்கள் பழையவற்றின் இடத்துக்கு வருவதால்தான். பிளாஸ்மா நொதியைக் கல்லீரல் சில வாரங்களில் ஈடுகட்டிவிடும். ஆகவே கடைசித் தெளிப்பு முடிந்து நான்கு மாதம் கழித்து எடுக்கும் அளவை, அந்த நபரின் தொடக்க அளவாகக் கொள்ளலாம். பெரம்பலூரில் இதற்குப் பெரிய இடையூறு சின்ன வெங்காயம். பருத்தி முடிந்ததும் அதே கைகள் வெங்காயத்துக்கு மருந்து அடிக்கப் போய்விடும். அந்த இடைவெளியில் எந்த மருந்தும் தொடாதவர்களை மட்டும் எடுப்பதென்றும், ஒவ்வொருவரும் எங்கே, எதற்குத் தெளித்தார் என்று வாராவாரம் குறிப்பதென்றும் திட்டத்தை மாற்றினேன்.

மாற்றினால் மறுபடியும் குழுவுக்குப் போக வேண்டும். இன்னும் இரண்டு மாதமா என்று கலங்கிப் போனேன். பங்கேற்பவருக்கு ஆபத்தைக் கூட்டாத சிறு திருத்தங்களை விரைவுப் பரிசீலனையில் எடுக்கலாம் என்று அதே 2017 நெறிகளில் இருக்கிறது. உறுப்பினர் செயலரும் நியமிக்கப்பட்ட உறுப்பினர்களும் பார்த்தால் போதும், முழுக் குழு கூட வேண்டியதில்லை. அலுவலகத்தில் யாரும் இதைச் சொல்லவில்லை, நான்தான் படித்துக் கண்டுபிடித்து, அந்தப் பகுதியைக் குறிப்பிட்டு விண்ணப்பித்தேன். பழைய வரி, புதிய வரி, காரணம் என மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே அட்டவணையாகக் கொடுங்கள். ஒப்புதல் படிவத்தின் அடியில் பதிப்பு எண்ணையும் தேதியையும் மாற்ற மறக்காதீர்கள். எனக்கு ஒரு வாரத்துக்குள் பதில் வந்துவிட்டது. அன்றைக்குத்தான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

அடுத்து, மருத்துவ ஆய்வுகளுக்கான இந்தியப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.யில் பதிவு. சிகிச்சை எதுவும் தராமல் அளந்து மட்டும் பார்க்கும் ஆய்வுதானே என்று விட்டுவிட வேண்டாம், எங்கள் குழு அதை நிபந்தனையாகவே வைத்தது. 2018 ஏப்ரல் 1 முதல், முதல் நபரைச் சேர்ப்பதற்கு முன்பு வரும் பதிவுகளை மட்டுமே அங்கே ஏற்கிறார்கள். பதிவு எண் வராமல் ஒரு குழாய் ரத்தம்கூட எடுக்கக்கூடாது. படிவத்தை முன்கூட்டியே நிரப்பிச் சேமித்து வைத்திருந்தேன், ஒப்புதல் கடிதத்தை மட்டும் கடைசியில் ஏற்றினேன். கட்டணம் கிடையாது. ஆனால் ஒவ்வொரு கேள்விக்கும் நாம் அன்றன்றே பதில் போட்டால்தான் வேகமாக நகரும். இதற்கிடையில் ஒவ்வொரு நாளும் இன்னும் யாரோ ஒருவர் தெளிப்பானைத் தூக்கிக்கொண்டிருந்தார். எண் வந்த மறுநாளே, மருந்து தொடாமல் மிச்சம் இருந்தவர்களின் ரத்தத்தை எடுக்கத் தொடங்கினோம்.

மருத்துவக் கழிவு பற்றி எங்கள் கல்லூரியில் யாருக்கும் தெரியவில்லை. 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி ஊசி வெள்ளை நிற, துளைக்க முடியாத டப்பாவுக்கு. ரத்தம் தோய்ந்த பஞ்சு மஞ்சள் பைக்கு. பிளாஸ்டிக் குழாய் சிவப்புப் பைக்கு. அவற்றை எடுத்துப் போக, அனுமதி பெற்ற பொதுக் கழிவு நிலையத்தோடு ஒப்பந்தமும் வேண்டும். வேளாண் ஆய்வகத்துக்குத் தனியாக ஒப்பந்தம் வாங்கக் கிளம்பினால் இன்னொரு பருவம் போய்விடும். நொதியை அளப்பதையும் இணை ஆய்வாளரின் ஆய்வகத்திலேயே வைத்துக்கொண்டு, கழிவை அவர்கள் வரிசையிலேயே சேர்த்தோம். அளப்பதற்கு எல்மன் என்ற விஞ்ஞானி 1961-இல் தந்த முறைதான், 412 நானோமீட்டரில் மஞ்சள் நிறத்தை அளப்பது. வேதிப்பொருள்களை மட்டும் எங்கள் திட்ட நிதியில் வாங்கினோம். மாதிரிப் பெட்டியில் பனிக்கட்டி குழாயை நேரடியாகத் தொடாமல் நடுவில் துணியோ அட்டையோ வையுங்கள். உறைந்து சிவப்பணு உடைந்துவிட்டால் அந்த மாதிரியில் பிளாஸ்மா அளவு பயன்படாது.

களத்தில் இறங்கிய பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. "ஊசி போட வந்த பாப்பா" என்று பெயரே வைத்துவிட்டார்கள். தொடக்க அளவோடு ஒப்பிட்டதில் நன்றாகவே இறங்கியிருந்த ஒருவரை, திட்டத்தில் எழுதியிருந்தபடி மருத்துவமனைக்கு அனுப்பினோம். அவர் அதுவரை தலைசுற்றலுக்கு வெயில்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டிருந்தாராம். சில வாரங்கள் தெளிப்புக்குப் போகாமல் களையெடுப்புக்குப் போனார். மறு பரிசோதனையில் பிளாஸ்மா அளவு ஏறியிருந்தது. சிவப்பணு மெதுவாகத்தான் ஏறும் என்று அவருக்கும் அவர் மனைவிக்கும் விளக்கிச் சொன்னோம்.

பருவத்துக்குப் பிந்திய அளவுகளை வைகாசியில் எடுத்து முடித்துவிட்டேன். முத்திரை விவகாரத்தைக் குழுத் தலைவருக்குக் கடிதமாக எழுதி, என் வழிகாட்டியின் கையொப்பத்தோடு அனுப்பியிருந்தேன். ஆண்டு மதிப்பாய்வு அறிக்கையைக் கொடுக்கப் போன வாரம் அந்த அலுவலகத்துக்குப் போனபோது, கூட்டத் தேதிகளும் கோப்பு கொடுக்க வேண்டிய கடைசி நாட்களும் ஆண்டு முழுவதற்கும் அச்சடித்துக் கதவில் ஒட்டப்பட்டிருந்தன. அதன் கீழேயே புதிய படிவம் கிடைக்கும் இணைய முகவரியும், குறையுள்ள கோப்புக்கு மூன்று வேலை நாட்களுக்குள் தொலைபேசியில் தெரிவிக்கப்படும் என்ற வரியும் இருந்தன. அந்தத் தேதிகளைப் படம் எடுத்து எங்கள் துறையின் ஆய்வு மாணவர்கள் எல்லோருக்கும் அனுப்பிவிட்டேன். அடுத்த கூட்டத்துக்குக் கோப்பு கொடுக்கக் கடைசி நாள் ஆடி மாதத்தில் வருகிறது.